முழுகிய நெல் நீண்டது செத்தது, அடங்கியது பிழைத்தது. ஏன்?

வயல்நண்டு:
ஒரு தொட்டியில் ஸ்வர்ணா நெல், இன்னொன்றில் அதிலேயே வெள்ளம் தாங்கும் சப்1 மரபணுப் பகுதியைச் சேர்த்த ஸ்வர்ணா சப்1. ஒரே வயது நாற்றுகள். தலைக்கு மேல் ஓரடி தண்ணீர் நிற்கும்படி இரண்டு வாரம் முழுக வைத்தேன். சாதா ஸ்வர்ணாவின் இலைகள் வெளிறி, நாடா மாதிரி நீண்டுகொண்டே போயின. சப்1 இருந்த உயரத்திலேயே நின்றது. தண்ணீரை வடித்ததும் நீண்டது துவண்டு படுத்து அழுகிவிட்டது. நின்றது சில நாளில் புதுக் குருத்து விட்டது. முழுகிய செடி மேலே வரத்தானே பார்க்க வேண்டும்? ஆழநீர் நெல் நீண்டுதான் தப்பிக்கிறது என்கிறார்களே? அப்புறம், சப்1 உப்பையும் தாங்குமா?

தாளடி:
அருமையான சோதனை. தண்ணீருக்குள் வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். அதனால் செடி விடும் எத்திலீன் என்ற ஹார்மோன் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். செடிக்கு 'முழுகிவிட்டோம்' என்று தெரிவதே அதனால்தான். சாதா ரகத்தில் அது ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைக் கிளப்பிவிட, இலை நீள ஆரம்பிக்கும். கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் ஏது? வருமானம் நின்ற வீட்டில் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிற கதைதான். வடியும்போது கையிருப்பு காலி.

சப்1 பகுதியில் உள்ள சப்1ஏ மரபணு இருந்தால் எஸ்.எல்.ஆர்.1 போன்ற புரதங்கள் கூடி ஜிப்பரெல்லினுக்குக் கடிவாளம் போடும். மாவுச்சத்து மிஞ்சும், குருத்து அதிலிருந்துதான் வருகிறது. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ ரகத்திலிருந்து வந்த இந்த மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள்.

ஆழநீர் நெல்லிலும் சேதி அதே எத்திலீன்தான், பதில்தான் நேர் எதிர். 2009இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்நார்கெல் மரபணுக்கள் கணுவிடைகளை நீட்டுகின்றன, ஒரே நாளில் 20 முதல் 25 செ.மீ. வரைகூட. இலை நுனி மேலே வந்துவிட்டால் தண்டின் காற்றறைகள் வழியாக அடிவரை காற்று இறங்கும். தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிற இடத்துக்கு அது சரி. இரண்டு வாரத்தில் வடியும் வெள்ளத்துக்கு அடங்கிக் கிடப்பதே புத்திசாலித்தனம்.

உவர்மண்:
உப்பைப் பற்றி நான் சொல்கிறேன், நாற்றுகளை உப்புக் கரைசலில் வைத்துப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. சப்1 இருப்பதாலேயே ஒரு ரகம் உப்பைத் தாங்கிவிடாது. இரண்டும் வேறு வேறு சங்கதி.

உப்பு ஏறினால் முதலில் அடி இலையின் நுனி வெள்ளையாகக் காயும், குருத்து கடைசிவரை பச்சையாக இருக்கும். தாங்கும் ரகம் சோடியத்தைப் பழைய இலைகளில் ஒதுக்கி, இளசைக் காப்பாற்றுவதால் அப்படி. அதற்கும் முந்தைய காவல் வேரில். எஸ்.கே.சி.1 என்ற மரபணு தரும் கடத்திப் புரதம், மேலே ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தைப் பிடித்துத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இலைக்குப் பொட்டாசியம் அதிகமாகவும் சோடியம் குறைவாகவும் போகும். நோனா போக்ரா ரகத்திலிருந்து 2005இல் கண்டறிந்தது இது. கேரளத்துப் பொக்காளி நெல் தந்த 'சால்டால்' என்ற உப்பு தாங்கும் மரபணுப் பகுதியும் அதே 1ஆம் குரோமோசோமில்தான். சப்1 இருப்பது 9ஆவதில். அதனால் இரண்டையும் ஒரே ரகத்தில் சேர்க்கலாம், சேர்த்தும் இருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும், நாற்றாக இருக்கும்போது தவிக்கும், தூர் கட்டும்போது தேறிவிடும், பூக்கும்போது மறுபடி தடுமாறிப் பதராகும். சால்டால் நாற்றுப் பருவத்துக்குத்தான் பெரிய துணை. நாற்றைப் பார்த்து 'இது உப்பு தாங்கும் ரகம்' என்று சீட்டுக் குத்துவது எனக்குப் பிடிக்காது.

வயல்நண்டு:
நன்றி. அடுத்து உப்புக்கும் தனித் தொட்டி வைக்கிறேன். மூழ்கல் சோதனையில் எதையாவது மாற்ற வேண்டுமா?

தாளடி:
தண்ணீரில் கொஞ்சம் களிமண் கரைத்து விடுங்கள். தெளிந்த தண்ணீரில் வெளிச்சம் இறங்கி, சாதா ரகமும் சில நாள் கூடத் தாக்குப்பிடிக்கும், வித்தியாசம் மங்கிவிடும்.