‘சுக்கு’ என்ற சொல்லின் இரண்டு உகரங்களும் ஒரே உயிரொலியா?

கேள்வி:
உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்தும் இதழ் குவிந்து பிறக்கும் என்கிறது தொல்காப்பியப் பிறப்பியல். ஆனால் கண்ணாடி முன் நின்று ‘சுக்கு’ என்று சொன்னால், முதல் உகரத்தில் குவிகிற இதழ் ஈற்று உகரத்தில் குவிவதாகத் தெரியவில்லை. ஒலியியல் இவற்றை ஒரே வகையில் அடக்குமா?

மறுமொழி 1:
அடக்காது. குரல்வளையில் எழும் ஒலி வாயில் எங்கும் தடைபடாமல் வெளியேறினால் அது உயிர். நாவின் எப்பகுதி உயர்கிறது, எவ்வளவு உயர்கிறது, இதழ் குவிகிறதா என்னும் மூன்றையும் கொண்டே அதன் வகை முடிவாகிறது. இவற்றுள் இதழின் நிலை நாவைச் சார்ந்ததன்று. ‘ஈ’ என்று நீட்டிக்கொண்டே, நாவை அசைக்காமல் இதழை மட்டும் குவித்துப் பாருங்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் வழங்கும், தமிழில் இல்லாத ஓர் உயிர் பிறக்கும். ‘ஊ’ என்று சொல்லியபடி இதழைத் தளர்த்தினால் ஏறத்தாழ உங்கள் ஈற்று உகரம் வந்துவிடும். முதல் உகரம் இதழ்குவி பின் மேலுயிர், அதாவது இதழ் குவிய, நாவின் பின்பகுதி மேலே உயரப் பிறப்பது. ஈற்றது இதழ்குவியா மேலுயிர், நாவும் சற்று நடுவை நோக்கி நகர்ந்திருக்கும். துருக்கி மொழியில் இதையொத்த ஒலிக்குத் தனி எழுத்தே உண்டு.

மறுமொழி 2:
இதைக் கொண்டு தொல்காப்பியத்தைக் குறை கூறுவது பொருந்தாது. தமிழில் நாவின் முன்பகுதி உயரப் பிறக்கும் முன்னுயிர்கள் எவையும் இதழ் குவிவதில்லை, பின்பகுதி உயரப் பிறக்கும் பின்னுயிர்கள் குவிகின்றன. ஆகவே இதழைச் சொன்னாலே நாவின் இடமும் சொன்னதாகிவிடுகிறது. இந்த ஒழுங்குக்குள் அடங்காத, ‘சுக்கு’ என்பதன் ஈற்றில் வரும் குற்றியலுகரத்தை இலக்கணம் சார்பெழுத்தாக்கி, அரை மாத்திரை என்று அளவால் பிரித்தது. உண்மையான இடைவெளி வேறிடத்தில் உள்ளது: ஈகாரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்தும் நாவின் உயரத்தை நூற்பா பேசுவதில்லை. மற்றொன்று, ‘அது’ என்பதன் ஈறு இலக்கணப்படி முற்றியலுகரம். எனினும் இயல்பான பேச்சில் பலருக்கு அங்கும் இதழ் குவிவதில்லை. எனவே தேர்வுத்தாளில் இதழ்குவியா உகரமெல்லாம் குற்றியலுகரம் என்று எழுதிவிட வேண்டாம்.

மறுமொழி 3:
கண்ணாடியை நம்பாதவர்கள் பேச்சொலியைப் பகுத்தாயும் பிராட் என்னும் இலவச மென்பொருளில் அளந்து பார்க்கலாம். வாயறையின் வடிவத்துக்கேற்ப ஒலி வலுப்பெறும் அலைவெண்களை ஒத்ததிர்வு அலைவெண்கள் என்பர். நா உயர்ந்தால் இவற்றுள் முதலாவது குறையும். நா முன்னே சென்றால் இரண்டாவது கூடும். இதழ் குவிந்தால் இரண்டாவது குறையும். பீட்டர்சன், பார்னி என்னும் ஆய்வாளர்கள் 1952இல் வெளியிட்ட அளவீட்டில், அமெரிக்க ஆண்களின் ஈகாரத்துக்கு நிகரான ஒலிக்குச் சராசரி 270, 2290 ஹெர்ட்ஸ். ஊகாரத்துக்கு நிகரானதற்கு 300, 870 ஹெர்ட்ஸ். இரண்டும் மேலுயிர்கள் என்பதால் முதல் எண்கள் நெருங்கி நிற்கின்றன. ‘சுக்கு’ என்று பதிவு செய்தால் ஈற்று உகரத்தின் இரண்டாம் எண் முதல் உகரத்தினதைவிட உயர்ந்திருப்பதைக் காணலாம். ஆனால் சொல்லைத் தனியே அழுத்திச் சொல்லாமல், ‘சுக்கு வாங்கினேன்’ என்பதுபோல் தொடரில் வைத்துப் பதிவு செய்யுங்கள்.