5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஒரு நிமிடம் காணாமல் போகிறது, 2.4 அப்படியே இருக்கிறது

கணக்கு டீச்சர்:
வணக்கம். நான் வீட்டிலிருந்தே ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லித் தருகிறேன். ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது. பாடம் எடுப்பது அடுத்த அறையில், நடுவில் ஒரே ஒரு சுவர். கடைசி அறையில் அப்பா படுத்திருக்கிறார், எழுந்து நடக்க முடியாது. கட்டிலுக்கு எதிரே ஒரு சின்னக் கேமரா வைத்திருக்கிறேன். பாடம் நடக்கும்போது அந்தப் படம் போனில் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் கையைத் தூக்கினால் நான் எழுந்து ஓடிவிடுவேன்.

முன்பு வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டுக்கும் (அலைவரிசைப் பகுதிக்கும்) ஒரே பெயர். லேப்டாப் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே தெரியாது. போன மாதம் ரவுட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.1.1-இல் நுழைந்து, இரண்டையும் ஒன்றாக்கும் வசதியை அணைத்துவிட்டு, 2.4-க்கு ஒரு பெயர், 5-க்கு ஒரு பெயர் என்று பிரித்தேன். கேமராவுக்கு 2.4 மட்டும்தான் பிடிக்கும், அதை அங்கே விட்டேன். லேப்டாப்பும் போனும் 5-இல். வேகம் நன்றாகவே கூடியது.

அன்றிலிருந்து புதுத் தொல்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை, 5-இன் பெயரே பட்டியலில் இருந்து மறைந்துவிடுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துத் தானாகவே வருகிறது. இந்த நேரத்தில்தான் என்று ஒரு கணக்கும் இல்லை. நேற்று தொடுகோட்டுத் தேற்றம் பாதியில் நின்றது. பிள்ளைகள் காத்திருந்தார்கள், அது பரவாயில்லை. போனில் அப்பாவின் படமும் அசையாமல் நின்றுவிட்டது. பதறி ஓடினேன், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிறகு கேமராவின் மெமரி கார்டில் இருக்கும் பதிவைப் பார்த்தால், அதில் ஒரு நொடிகூட விடுபடவில்லை.

சேனல் (பேண்டுக்குள் ரவுட்டர் பேசும் தடம்) ‘ஆட்டோ’வில் இருக்கிறது, அதன் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். எதை மாற்றலாம்? ரவுட்டரையே மாற்ற வேண்டுமா?

அலைதேடி:
மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிற நேரமா என்று பாருங்கள். அதுவும் வைஃபையும் ஒரே 2.4 பகுதியில்தான் வேலை செய்கின்றன. ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 இவற்றில் ஒரு சேனலில் நிறுத்துங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் தள்ளித் தள்ளி இருப்பவை.

கணக்கு டீச்சர்:
நன்றி சார். ஆனால் எங்கள் வீட்டில் அறுபடுவது 5 மட்டும்தான். 2.4-இல் ஒரு குறையும் இல்லை.

கம்பிவடம்:
டீச்சர், ரவுட்டரை மாற்ற வேண்டாம். 5 மட்டும் போகிறது, பெயரே மறைகிறது, ஒரு நிமிடத்தில் திரும்புகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு டிஎஃப்எஸ் மேல்தான் சந்தேகம், அதாவது ராடாருக்கு வழிவிட்டு ரவுட்டர் சேனல் மாறும் ஏற்பாடு.

5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை உள்ள சேனல்களில் இந்தத் தொல்லை கிடையாது. 52 முதல் 144 வரை உள்ள பகுதியில் வானிலை ராடார் போன்றவையும் இயங்குகின்றன. முதல் உரிமை அவற்றுக்குத்தான், வைஃபை அங்கே ஒண்டுக்குடித்தனம். ராடார் துடிப்பு போல ஏதாவது கேட்டால் ரவுட்டர் 10 நொடிக்குள் அந்தச் சேனலைக் காலி செய்துவிட வேண்டும், 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் வரக் கூடாது. சரி, வேறு சேனலுக்குப் போகிறது. அதுவும் அதே பகுதியில் இருந்தால், பேசத் தொடங்குமுன் குறைந்தது 60 நொடி சும்மா இருந்து கேட்க வேண்டும். உங்கள் ஒரு நிமிடம் அதுதான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ராடார் இருந்தால்தான் இப்படி நடக்கும் என்றும் இல்லை. வேறு ஏதோ இரைச்சலை ராடார் என்று ரவுட்டர் தப்பாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

ஊகத்தை நம்பி எதையும் மாற்றாதீர்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிஸ்டம் லாக் இருக்கும், நடந்ததையெல்லாம் நேரத்தோடு அது எழுதி வைக்கும் குறிப்பு. நேற்று பாடம் நின்ற நேரத்துக்கு நேரே ராடார், டிஎஃப்எஸ் என்று ஏதாவது பதிவாகியிருக்கிறதா பாருங்கள். லாக் இல்லாத ரவுட்டர் என்றால், இப்போது எந்தச் சேனல் என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை அறுந்தபின் எண் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அதுதான் என்று உறுதியானால் சேனலை ஆட்டோவில் இருந்து எடுத்து 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். அகலம் 80 என்றால் நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும், எதைத் தேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அங்கேயே குவிந்திருந்தால் அகலத்தை 40 ஆக்குங்கள். வேகம் குறையும், ஆனால் வீடியோ வகுப்புக்கு அதுவே தாராளம். ‘நாடு’ என்ற இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். எந்தச் சேனல், எவ்வளவு சக்தி என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகிறது, சட்டமும் அதில் இருக்கிறது.

கணக்கு டீச்சர்:
லாக்கில் இருந்தது அண்ணா! நேற்றைய நேரத்துக்கு நேரே ‘ராடார் கண்டறியப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கு முன் சேனல் 100-இல் இருந்திருக்கிறது. 44-க்கு மாற்றிவிட்டேன். பத்து நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கணக்கு டீச்சர்:
பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, ஒரு முறைகூட அறுபடவில்லை. இன்னொரு சந்தேகம். சில நாள் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பாடம் எடுக்கலாம் என்று லேப்டாப்பை அங்கே கொண்டுபோனேன். சிக்னல் வலிமை 5-இல் மைனஸ் 79 டிபிஎம் காட்டுகிறது, 2.4-இல் மைனஸ் 64. அங்கே எதில் இருக்கட்டும்?

மாடிவீடு:
அந்த அறையில் 2.4-தான், தயங்காதீர்கள். அதிர்வெண் கூடக் கூடச் சுவரைத் தாண்டி வருவது குறையும். இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம். வீடியோவுக்கு மைனஸ் 67 அளவுக்காவது இருந்தால் நிம்மதி, மைனஸ் 79 ரொம்பப் பலவீனம். 2.4-இன் அகலம் 20-இல் இருக்கட்டும். 40 வைத்தால் அந்தச் சின்ன இடத்தில் ஏறக்குறைய பாதியை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள், பக்கத்து வீட்டுச் சத்தமும் சேர்ந்து வரும். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று மாற்றிவிடாதீர்கள், பழைய கேமரா அதில் இணையாது.

நான் எழுத வந்தது வேறு ஒன்று. உங்கள் முதல் பதிவைப் படித்ததில் இருந்து மனதில் கிடக்கிறது. கேமரா அன்று அறுபடவே இல்லை, அறுந்தது போன். அப்பாவைப் பார்க்கிற போன் எதற்கு 5-இல் இருக்க வேண்டும்? அந்தச் சின்னப் படத்துக்கு 2.4-இன் வேகம் போதும். லேப்டாப் 5-இல், போன் 2.4-இல் இருந்தால் பாடம் நின்றாலும் அப்பா கண்ணில் இருப்பார். போனில் 5-இன் பெயரை மறக்கச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தானாகவே தாவிவிடும்.

கணக்கு டீச்சர்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. வேகம் கூடியதும் எல்லாவற்றையும் அங்கே ஏற்றிவிட்டேன். இப்போதுதான் போனை மாற்றினேன். சோதித்துப் பார்க்க, 5-ஐ வேண்டுமென்றே ரவுட்டர் பக்கத்தில் அணைத்தேன். லேப்டாப் உடனே அறுந்தது. போனில் அப்பா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.