புதுப்பிப்பு: தட்டு வடிவ ராக்கெட் இப்போது நேராக ஏறுகிறது

ஏவுகம்பியை (கிளம்பும்போது ராக்கெட்டை நேராக வழிநடத்தும் கம்பி) விட்டதும் தலைகுப்புறப் புரளும் என் தட்டு வடிவ மாடல் ராக்கெட்டைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீளமான கம்பியில் முதலில் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. கைகொடுத்தது களிமண்தான். மோட்டார் குழாயின் மேல்முனையைச் சுற்றி வளையமாக அழுத்தி ஒட்டினேன். ஈர்ப்பு மையம், அதாவது எடை சமன்படும் புள்ளி, முன்னே நகர்ந்தது; அதனால் ராக்கெட் புரளாமல் உறுமிக்கொண்டு நேராக ஏறியது. அருமையான காட்சி!

ஒன்று எதிர்பாராதது. மோட்டாரில் உள்ள எரிமருந்து எரிந்து முடிந்ததும் காற்றின் இழுவையில் தட்டு சட்டென்று வேகமிழந்து இறங்கத் தொடங்குகிறது. நான் போட்டிருந்தது சி6-5 மோட்டார். அதில் கடைசி எண், எரிமருந்து முடிந்தபின் வெளியேற்று வெடி (பாராசூட் போன்றவற்றை வெளியே தள்ளும் சிறு வெடி) வெடிக்கும் வரை உள்ள தாமதத்தை நொடியில் குறிக்கும். அதனால் தரையை நெருங்கும்போதுதான் வெளியேற்று வெடி வெடித்தது. காய்ந்த புல்லில் அது ஆபத்து. இப்போது சி6-3 போடுகிறேன், உயரத்திலேயே வெடித்துவிடுகிறது.