பாத்திரங்கழுவியில் அடுக்குவதா, நிரைப்பதா?

நண்பர்களே,
பாத்திரங்கழுவியின் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மறுநாள் அனுப்பியாக வேண்டும். தட்டு, கிண்ணங்களை உள்ளே வைப்பதற்கு ‘ஏற்றுதல்’ என்று எழுதினால் லாரி ஞாபகம் வருகிறது. ‘அடுக்குதல்’ போதுமா? அப்புறம், இதில் போட்டுக் கழுவத் தக்க பொருள்களின் குறிக்கு ‘பாத்திரங்கழுவிக்குப் பாதுகாப்பானது’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

---

> ‘அடுக்குதல்’ போதுமா?

போதாது. அடுக்கு என்றாலே ஒன்றன்மேல் ஒன்று. அடுக்குமாடி, அடுக்குச்சட்டி எல்லாம் அப்படித்தான். இங்கே செய்யவே கூடாதது அது. அடியில் சுழலும் கை தண்ணீரை மேல்நோக்கிப் பீய்ச்சுகிறது. கிண்ணத்துக்குள் கிண்ணத்தைச் செருகினால் ஒன்றின் உட்புறம் நனையவே நனையாது. ‘நிரைத்தல்’ என்போம். நிரை என்றால் வரிசை. ஆநிரையைப் பாருங்கள், நிரலைப் பாருங்கள். யாப்பில்கூடத் தனித்து நிற்பது நேர், இணைந்து நிற்பது நிரை.

---

ஐயா, ஈரத் தட்டோடு நிற்பவரை யாப்பு வகுப்பில் உட்கார வைத்துவிட்டீர்கள். ‘நிரைக்கவும்’ என்று அச்சிட்டால் எழுத்துப்பிழை என்று நினைத்து ‘நிறைக்கவும்’ என்றே படிப்பார்கள். திணித்தும் வைப்பார்கள். ஒரு கரண்டிக் காம்பு கீழே நீட்டிக்கொண்டு சுழல்கையைத் தடுத்தால் போதும், மேலே உள்ளதெல்லாம் அழுக்கோடு வெளியே வரும். ஓர் இடையின ரகரத்தை நம்பிக் கையேடு எழுத முடியாது. ‘அழுக்குப் பக்கம் நீர் வரும் திசையைப் பார்க்க, சாய்த்து, இடைவெளி விட்டு வைக்கவும்.’ வைக்கவும் தமிழ்தானே?

‘கழுவிக்குப் பாதுகாப்பானது’ என்றால் இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று பொருள். மரக்கரண்டியால் இயந்திரத்துக்கு என்ன கேடு? சூட்டிலும் ஈரத்திலும் வெடிப்பது கரண்டி.

---

‘பாத்திரம்’ வடசொல் என்பதை யாருமே கவனிக்கவில்லையா? கலங்கழுவி. குறிக்கு: ‘கழுவிதாங்கி’. சுமைதாங்கி, இடிதாங்கி போல.

---

சுமையைத் தாங்குவது சுமைதாங்கி. கழுவியைத் தாங்குவது கழுவிதாங்கி, அதாவது அது நிற்கும் மேடை! கலம் என்றால் கப்பலும்தான். உங்கள் கலங்கழுவியைத் துறைமுகத்தில்தான் தேட வேண்டும். அதோடு, ‘தாங்குவது’ வேறு, ‘தகுந்தது’ வேறு. அலுமினியம் உடையாமல் தாங்கத்தான் தாங்கும். ஆனால் காரத்தன்மையுள்ள சோப்புத்தூளில் மங்கிக் கறுத்துவிடும். வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும். ‘பாத்திரங்கழுவியில் போடலாம்’, ‘போடக்கூடாது’. முடிந்தது.

---

எல்லாருக்கும் நன்றி. ‘வைக்கவும்’, ‘போடலாம்’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானோர் அந்தப் பக்கம்தான், அல்லது களைத்துவிட்டார்கள்.

ஆனால் இப்போது இன்னொன்று கண்ணில் படுகிறது. உள்ளே இருக்கும் கம்பித் தளங்களை மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று எழுதியிருந்தேன். சில இயந்திரங்களில் சூடேற்றும் கம்பி அடியில் இருப்பதால் பிளாஸ்டிக்கை மேலே மட்டும் வைக்கச் சொல்கிறார்கள். விளைவு: ‘பிளாஸ்டிக் தட்டுகளைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம், மேல்தட்டில் வைக்கவும்.’ எது தட்டு, எதில் தட்டு?

---

> எது தட்டு, எதில் தட்டு?

மேல்நிரை, கீழ்நிரை. நான் முதலிலேயே சொன்னேன்.