லண்டன்: சனி, ஞாயிறு சின்னப் பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறது?

குடந்தை: வணக்கம். புதுசா குடும்பத்தோட வந்திருக்கோம். பிள்ளைங்க நாள் முழுக்க வீட்டுக்குள்ளயே குதிக்குதுங்க, கீழ் வீட்டுக்காரர் வந்து கதவத் தட்டிட்டுப் போறார். வீட்ல ஊருக்கே திரும்பிடலாம்னு அழுவுறாங்க. நாளைக்கு சனிக்கிழமை, மழையும் வருமாம். எங்கயாவது போயே ஆகணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மன்னார்குடி: தம்பி, முதல்ல ஒரு பழைய கார் பாருங்க. மழையில பிள்ளைங்களோட பஸ்ஸுக்கு நிக்க முடியாது. நம்ம ஊர் லைசென்ஸ வச்சு, இங்க குடியேறின நாள்லேர்ந்து 12 மாசம் ஓட்டலாம். அதுக்குள்ள இந்த ஊர் லைசென்ஸ் எடுக்கணும். டெஸ்ட் தேதி கிடைக்கிறது பெரும்பாடு, அதனால புரொவிஷனல்ங்கிற பழகுநர் லைசென்ஸுக்கு இப்பவே எழுதிப் போடுங்க. பிள்ளைக்கு 12 வயசு ஆகணும், இல்லேன்னா 135 சென்டிமீட்டர் உயரம் வரணும். அதுல எது முந்துதோ அதுவரைக்கும் சைல்டு சீட் கட்டாயம். செகண்ட் ஹேண்ட் சீட் மட்டும் வேண்டாம். விபத்துல அடிபட்டு உள்ள விரிசல் விட்டிருந்தா வெளிய தெரியாது.

பட்டுக்கோட்டை: சீட்ல உக்கார வைக்கும்போது தடி ஜாக்கெட்டக் கழட்டிடுங்க. வண்டி இடிச்சா உள்ள இருக்க பஞ்சு அமுங்கி, பெல்ட் தொளதொளன்னு ஆயிடும். இறுக்கினப்புறம் தோள்கிட்ட ரெண்டு விரலால பெல்ட்டக் கிள்ளிப் பாருங்க. மடிப்பா சிக்கினா இன்னும் இறுக்கணும். குளிருக்கு மேல போர்வை போத்துனா போதும்.

மாயவரம்: அண்ணே சொல்றது லண்டனுக்குச் சரிவராது. புது ஆளுக்கு இன்ஷூரன்ஸ் எக்கச்சக்கம், போற இடத்துல பார்க்கிங் கிடைக்காது. 11 வயசுக்குள்ள பிள்ளைங்களுக்கு பஸ் இலவசம். டியூப்ங்கிற சுரங்க ரயில், டிஎல்ஆர்ங்கிற டிரைவர் இல்லாத குட்டி ரயில் ரெண்டுலயும் காசு கட்டுற ஒரு பெரியவர் கூட நாலு பிள்ளை வரைக்கும் இலவசம். அதுக்குன்னு கார்டு எதுவும் வேண்டாம், அகலமான கேட்ல கூடவே கூட்டிட்டுப் போங்க. ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கேட்ல தட்டுற பேங்க் கார்டு ஒண்ணே செல்லாது. போன்ல தட்டி உள்ள போயிட்டு, வெளிய வரும்போது அந்தப் போன்ல ஏத்தி வச்சிருக்க அதே பேங்க் கார்டத் தட்டுனா, அத ரெண்டு அரைகுறைப் பயணமாக் கணக்கெடுத்து ரெண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடிச்சிடும். எதத் தட்டி உள்ள போனீங்களோ அதத் தட்டித்தான் வெளிய வரணும். பஸ்ல ஏறும்போது மட்டும் தட்டுனா போதும்.

நாகை: எல்லாம் சரி, எதுக்கெடுத்தாலும் புக்கிங்னா எப்படிங்க? நம்ம பக்கம் ஞாயித்துக்கிழமைன்னா புளிசோறக் கட்டிக்கிட்டு கல்லணைக்கோ பூம்புகாருக்கோ நினைச்ச நேரத்துல கிளம்பலாம். இங்க அக்டோபர் கடைசி ஞாயிறு மணியப் பின்னாடி வச்சிட்டா, டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடுது.

திருத்துறைப்பூண்டி: அதவிட, ஒரு மணி நேரம் பிள்ளையப் பாத்துக்க ஒத்தாசைக்கு ஆளில்ல. ஆத்தா, அப்பாயி அருமை இங்க வந்தாத்தான் தெரியுது. எது வாங்கப் போனாலும் ரூபாயில கணக்குப் போட்டே மனசு சோர்ந்துடுது.

வலங்கைமான்: புலம்பல அப்புறம் வச்சுக்குவோம், அவங்க காலைல கிளம்பணும். தம்பி, பிள்ளைங்களுக்கு என்ன வயசு? லண்டன்ல எந்தப் பக்கம்? தள்ளுவண்டி இருக்கா?

குடந்தை: பெரியவனுக்கு 4, சின்னவளுக்கு ஒன்றரை. ஈஸ்ட் ஹாம். கார் இல்லண்ணே, மடக்குற தள்ளுவண்டி ஒண்ணு இருக்கு. பெரியவன் கொஞ்ச தூரம் நடந்தா தூக்கச் சொல்லுவான்.

வலங்கைமான்: அப்ப பக்கத்துல ஒரே ஒரு இடம். காலைல கிளம்பி, சின்னவ தூங்குற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடணும். ஒரே நாள்ல மூணு இடம்னு போட்டாத்தான் பிள்ளை நடுவழில படுத்து அழும்.

மழை லேசா இருந்தா ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு பஸ் ஏறி ஒலிம்பிக் பார்க் போங்க. அங்க டம்ப்ளிங் பேன்னு விளையாட்டு இடம், மணலும் தண்ணியும் இருக்கும், காசு கிடையாது. பக்கத்துலயே காபிக் கடையும் டாய்லெட்டும் உண்டு. பிள்ளைங்க நனையாம வராது, ஆளுக்கு ஒரு செட் துணியும் ரெண்டு ஜோடி சாக்ஸும் எடுத்துக்குங்க.

மழை பலமா இருந்தா பெத்னல் கிரீன்ல யங் வி அண்ட் ஏ. சின்னப் பிள்ளைங்களுக்குன்னே 2023ல புதுப்பிச்சுத் திறந்த மியூசியம், அதுவும் இலவசம். சவுத் கென்சிங்டன் மியூசியங்கள இன்னொரு வாரம் பாத்துக்கலாம். அங்க டிக்கெட் இலவசம்னாலும் முன்னாடியே நேரம் புக் பண்ணிடுறது நல்லது, மழை நாள்ல வரிசை நீளமா நிக்கும்.

ஞாயித்துக்கிழமை டிஎல்ஆர்ல கிரீனிச் போங்க. ஸ்ட்ராட்ஃபோர்ட்ல ஏறி, கேனரி வார்ஃப்ல லூயிஷம் வண்டிக்கு மாறி, கட்டி சார்க்ங்கிற ஸ்டேஷன்ல இறங்கணும். வண்டி தானா ஓடும், முன் சீட் கிடைச்சா கண்ணாடி வழியா தண்டவாளம் அப்படியே தெரியும். பெரியவனுக்கு அதுவே போதும். டிஎல்ஆர் ஸ்டேஷன் எல்லாத்துலயும் படி ஏறாம தள்ளுவண்டியோட போகலாம். டியூப்ல அப்படி இல்ல. வார இறுதியில பாதை வேலைன்னு லைன மூடிடுவாங்க, முதல் நாள் ராத்திரியே லண்டன் போக்குவரத்துக்காரங்களோட டிஎஃப்எல் ஆப்ல பாத்துடுங்க.

பஸ்ல சக்கர நாற்காலிக்காரர் ஏறினா தள்ளுவண்டிய மடக்கி இடம் விடணும். கைப்பிடில பையத் தொங்கவிடாதீங்க, பிள்ளையத் தூக்கின உடனே வண்டி பின்னால சாஞ்சுடும்.

திருவாரூர் அக்கா: பிள்ளைங்களுக்கு ஜீன்ஸ் போடாதப்பா, நனைஞ்சா காயாது. உள்ள மெல்லிசா ஒண்ணு, மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல மழைக்கு முழு உடம்பையும் மூடுற பட்டில் சூட். குடை காத்துல நிக்காது.

சாப்பாட்டுக்கு தெர்மாஸ் டப்பால கொதிக்கிற தண்ணிய ஊத்திப் பத்து நிமிஷம் மூடி வை. அதக் கொட்டிட்டு, சுடச்சுட சாம்பார் சாதத்தக் கழுத்து வரைக்கும் அடைச்சு மூடு. பாதி டப்பா காலியா விட்டா சீக்கிரம் ஆறிடும். 63 டிகிரிக்குக் கீழ இறங்கின சாதம் ரொம்ப நேரம் இருக்கக் கூடாது, பழைய சோத்தச் சூடு பண்ணி எடுத்துட்டுப் போகாத, வயித்தக் கெடுத்துடும்.

சின்னவளுக்கும் பெரியவனுக்கும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி கொடு. ஒண்ணுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் வருஷம் முழுக்கக் கொடுக்கச் சொல்றாங்க.

மாயவரம்: இன்னொண்ணு. வாரநாள்ல அடைஞ்சே கிடக்கிறதாலதான் சனிக்கிழமை மேல இவ்வளவு பாரம் விழுது. பக்கத்து லைப்ரரில ரைம் டைம்னு குட்டிப் பிள்ளைங்களுக்குப் பாட்டு நேரம் இருக்கும், என்னைக்குன்னு கேளுங்க, இலவசம், வீட்ல அம்மாக்கும் பேச ஆள் கிடைக்கும். 4 வயசு முடிஞ்சு வர்ற செப்டம்பர்ல ரிசப்ஷன், அதான் பள்ளிக்கூடத்துல முதல் வகுப்பு. பெரியவனுக்கு அந்த செப்டம்பர் தாண்டிடுச்சுன்னா கவுன்சில்ல நடு வருஷ அட்மிஷனுக்கு எழுதுங்க. இல்லேன்னா நர்சரில வாரம் 15 மணி நேரம் இலவசம். விசாவுல பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசு உதவித்தொகை கிடையாதுன்னு போட்டிருந்தாலும் அந்த 15 மணிக்குத் தடை இல்ல. திங்கக்கிழமை காலைல நர்சரிகளுக்குப் போன் பண்ணி இடம் இருக்கான்னு கேளுங்க, பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் கைல இருக்கட்டும்.