புயல் முகாம் தன்னார்வலர்களுக்கு எச்.ஐ.வி. பற்றி ஒரு மணி நேரம்: என்ன சொல்லலாம்?

வேதாரண்யத்துப் பையன்:

வணக்கம். ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் புயல் பாதுகாப்பு மையத்தின் தன்னார்வலர்கள் முப்பது பேருக்கு ஒருநாள் பயிற்சி. முதலுதவிக்கும் தண்ணீரில் குளோரின் போடுவதற்கும் ஆள் பிடித்தாயிற்று. எச்.ஐ.வி. தடுப்பு என்று ஒரு மணி நேரம் என் தலையில் விழுந்திருக்கிறது. தேடினால் எனக்குக் கிடைப்பதெல்லாம் தடித்தடியாக ஆங்கிலக் கையேடு. பரவும் வழி, பரவாத வழி என்று படம் போட்டு முடித்துவிடலாமா? முகாமுக்கென்று வேறு ஏதாவது உண்டா?

பழைய ஆலோசகர்:

தம்பி, நான் நம்பிக்கை மையத்தில், அதாவது அரசு எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்தில், பதினோரு வருடம் ஆலோசகராக இருந்தவள். பரவும் வழிக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே கக்கூஸ், ஒரே டம்ளர், கொசு இதில் எதிலும் வராது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். முகாமில் சண்டை கிளம்புவது அங்கேதான்.

கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் போனேன். வழியெல்லாம் தென்னை விழுந்து கிடந்தது. பஸ் இல்லை, கரண்ட் இல்லை. ஒரு தன்னார்வலர், நல்ல மனசுதான், பேட்டரி மைக்கைப் பிடித்து "எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுறவங்க இங்க வரிசையில வாங்க" என்றார். ஒரு ஆள் அசையவில்லை. எப்படி அசைவார்கள்?

இருட்டிய பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு பெண் என் முந்தானையைத் தொட்டாள். "அக்கா, தைராய்டு மாத்திரை நனைஞ்சு போச்சு." டப்பாவை வாங்கிப் பார்த்தேன். லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள். உள்ளே மாத்திரை கூழாகிக் கிடந்தது. தைராய்டு இல்லை, எச்.ஐ.வி. மாத்திரை. அவள் சாப்பிட்டுவந்தது ராத்திரி படுக்கும்போது போடுகிற வகை; போட்டால் தலை சுற்றும். ஒரே வகுப்பறையில் நாற்பது பேர் படுத்திருக்கும்போது எதை எடுத்து விழுங்குவது? மூன்று நாளாகப் போடவில்லை. அதில் முதல் நாள் மாத்திரை நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அதனால் உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதியை இதற்கே வையுங்கள். அறிவிப்பு ஒன்றே ஒன்று: "சர்க்கரை, பிரஷர், டிபி, வேறு எந்தத் தினசரி மாத்திரையானாலும் மருத்துவ மேசையில் தனியாகச் சொல்லலாம்." எச்.ஐ.வி. சிகிச்சை விவரம் எழுதின பச்சைப் புத்தகம் வெள்ளத்தில் போயிருந்தாலும் பரவாயில்லை. மாத்திரை வாங்குவது எந்த ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டுமருந்து சிகிச்சை) மையம் என்று சொன்னால் போதும், அங்கே பதிவு இருக்கும். வழி தெரியாவிட்டால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு அழைக்கலாம், காசு கிடையாது. ஒருவருக்கு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவந்தாலும் முகாம் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் புள்ளிகூட வைக்கக்கூடாது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. கஜாவுக்கு இரண்டு மாதம் முன்னால் வந்த சட்டம். அந்த மைக் தம்பிக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்புறம், மாத்திரையை முன்கூட்டியே ஜிப் கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

நைட் டியூட்டி நர்ஸ்:

அக்கா சொன்னதோடு கடிகாரத்தையும் சேருங்கள். வேறொருவருக்குப் போட்ட ஊசி குத்திவிட்டால் அழுத்திப் பிழியக்கூடாது, வாயில் வைத்து உறியக்கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கக் கொடுக்கும் தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். பாலியல் வன்முறைக்கும் இதே கடிகாரம்தான். "முதலில் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொடுத்துட்டு வாங்க" என்று யாராவது சொல்லி ஒரு நாளைத் தின்றுவிடுவார்கள். புகார் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி சிகிச்சை கொடுத்தாகவேண்டும். இதைப் பெண் தன்னார்வலர்களிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

படிக்க என்றால் எம்.ஐ.எஸ்.பி. இலவச இணையப் பாடம் இருக்கிறது. பேரிடரில் பாலியல், இனப்பெருக்க உடல்நலத்துக்கான குறைந்தபட்சச் சேவைகள். முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டியவை. எச்.ஐ.வி. அதில் ஒரு பகுதி. பேரிடர் உதவிக்கான தரநிலைகளைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டிலும் எச்.ஐ.வி.க்கு ஒரு தரநிலை உண்டு, சில பக்கம்தான். முதலில் அதைப் படியுங்கள், தலை சுற்றாது.

டப்பாக்காரர்:

நான் மாத்திரை சாப்பிடுகிறவன். அக்கா கோபிக்கவேண்டாம், ஜிப் கவர் யோசனையில் ஒரு திருத்தம். மாத்திரையைக் கொட்டிக் கவரில் போட்டால் ஈரம் பிடிக்கும். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலம் இருக்கிறதே, அதற்குத்தான். டப்பாவோடு கவரில் போடட்டும். இப்போது என்னைப் போலப் பெரும்பாலோர் சாப்பிடுவது டொலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை. படுக்கும்போதுதான் என்ற கட்டாயம் இல்லை, காலையில் சாப்பாட்டு வரிசைக்கு முன்பே போட்டுவிடலாம். எனக்குப் பெரிய நிம்மதி அதுதான்.

பழைய ஆலோசகர்:

டப்பா விஷயம் சரிதான். நான் சொன்னது தப்பு.

வேதாரண்யத்துப் பையன்:

படத்தை விட்டுவிட்டேன். மைக் கதையை இரண்டு பேரை வைத்து நடிக்கச் சொல்லப்போகிறேன். ஒரு சந்தேகம்: ஆணுறைப் பெட்டியை மருத்துவ மேசையில் வைத்தால் எடுப்பார்களா?

நைட் டியூட்டி நர்ஸ்:

மேசையில் வைத்தால் ஒன்றுகூடக் குறையாது. இரண்டு பக்கக் கழிப்பறையிலும், கதவுக்கு உள்பக்கம் வையுங்கள். பெண்கள் பக்கம் சோப்பு, நாப்கினோடு சேர்த்து.