மெலமைன் பஞ்சில் இவ்வளவு நைட்ரஜன் இருந்தும் தக்காளி ஏன் மஞ்சளாகிறது?

தொட்டித்தோட்டம்:
மெலமைனில் எடைக்கு 66 சதவீதம் நைட்ரஜன் என்று படித்தேன். யூரியாவிலேயே 46தான். கறை துடைக்கும் வெள்ளைப் பஞ்சு மெலமைன்-ஃபார்மால்டிஹைடு பாலிமர் என்பதும் தெரியவந்தது. பாலிமர் மெதுவாகத்தானே சிதையும், மெதுவாகச் சத்து தரும் உரம் கையிலேயே இருக்கிறது என்று மகிழ்ந்துபோய், தேய்ந்த பஞ்சுகள் ஆறைத் துருவி இரண்டு தக்காளித் தொட்டிகளில் கலந்துவிட்டேன். மூன்று மாதம் ஆகிறது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. பக்கத்தில் வெறும் தொழுவுரம் போட்ட தொட்டி கரும்பச்சையாக நிற்கிறது. பஞ்சின் அளவு போதவில்லையா?

பழைய ஆய்வகத்தான்:
அளவைக் கூட்டிவிடாதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உர ஆய்வகத்தில் இருபது ஆண்டுகள் நைட்ரஜன் அளந்தவன் நான். கெல்டால் முறையில் மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் காய்ச்சுவோம். புரதத்தில் இருந்த நைட்ரஜனும் மெலமைனில் இருந்த நைட்ரஜனும் அம்மோனியமாகி, ஒரே எண்ணாக வந்து நிற்கும். 2008-இல் சீனாவில் நீர் கலந்த பாலில் மெலமைனைச் சேர்த்துப் புரதக் கணக்கு காட்டியது இந்தக் குருட்டுத்தனத்தை நம்பித்தான். நீங்கள் படித்த 66-ம் அப்படிப்பட்ட எண்ணே. உங்கள் தொட்டியில் கந்தக அமிலம் கொதிக்கவில்லை. பெரும்பாலும் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ மாறிய பிறகுதான் வேர் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும்.

மெலமைனில் நைட்ரஜனில் பாதி ஒரு வளையத்துக்குள்ளும், மீதி அந்த வளையத்தின் மேல் ஒட்டிக்கொண்டும் பூட்டிக் கிடக்கிறது. பஞ்சிலோ அந்த வளையங்களை ஃபார்மால்டிஹைடு எல்லாப் பக்கமும் குறுக்கே பிணைத்து வலையாக்கியிருக்கிறது. நுண்ணுயிர்களுக்குப் பல் பதிக்க இடமில்லை.

உரமாகவே செய்யப்படும் யூரியா-ஃபார்மால்டிஹைடு வேறு சாதி. அதில் யூரியாவை வேண்டுமென்றே மிகுதியாக வைத்துச் சங்கிலிகளைக் குட்டையாக நிறுத்திவிடுவார்கள். நைட்ரஜன் 38 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஆனால் மண்ணின் பாக்டீரியாக்கள் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். நாங்கள் அதை 25 டிகிரி நீரிலும் பிறகு கொதிநிலையிலும் கரைத்துப் பார்ப்போம். குளிர்நீரில் கரையாத நைட்ரஜனில் குறைந்தது 40 சதவீதமாவது சூட்டில் கரைந்தால்தான் தேறும். மீதி மண்ணில் கிடந்து தூங்கும். உங்கள் பஞ்சு கொதிநீரிலும் கரையாமல் அப்படியே கிடக்கும்.

நாற்றங்கால்:
ஐயா சொன்ன உரத்தை நான் நாற்றுகளுக்குப் பயன்படுத்துகிறேன். வெயில் காலத்தில் பிரமாதம். குளிர் வந்ததும் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும், செடியும் வெளிறிவிடும். முதல் ஆண்டு அது புரியாமல் இன்னும் ஒரு கை போட்டேன். வெப்பம் திரும்பியபோது எல்லாம் சேர்ந்து கிளம்பி, ஒரே இலைக்காடு, பூவைக் காணோம்.

பாலிமர் உறை போட்ட யூரியா வேறு. அங்கே பாலிமர் வெறும் சட்டை, சத்து உள்ளே இருக்கும் யூரியா. நீர் உள்ளே புகுந்து யூரியாவைக் கரைத்து வெளியே கசியவிடும். சூடு கூடினால் கசிவும் கூடும். நுண்ணுயிர்களை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. எனக்குப் பிடிக்காதது, பயிர் முடிந்த பிறகும் மண்ணில் கிடக்கும் காலிக் கூடுகள். விரலால் நசுக்கினால் தண்ணீர் தெறிக்கும். எல்லா உறையும் மட்காது, கேட்டு வாங்குங்கள்.

தொட்டித்தோட்டம்:
இன்று ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். துருவல் போட்ட நாளில் இருந்ததுபோலவே வெள்ளையாக இருக்கிறது, வேர் சில துண்டுகளுக்குள் புகுந்துகூடப் போயிருக்கிறது! இப்போது யூரியா-ஃபார்மால்டிஹைடு போட்டால் செடி பிழைக்குமா?

பழைய ஆய்வகத்தான்:
பசியால் மயங்கியவனுக்கு அடுத்த மாதச் சோற்றைக் காட்டுவதுபோல ஆகிவிடும். முதலில் சிறிதளவு யூரியாவை நிறைய நீரில் கரைத்து, ஈர மண்ணில் ஊற்றுங்கள். மேலே தூவி விட்டுவிடாதீர்கள், அம்மோனியாவாகப் பறந்துவிடும். உதிர்ந்த இலை திரும்பாது, புதுத் தளிரின் நிறத்தைப் பாருங்கள். மெதுவாகக் கரையும் உரத்தை அடுத்த நடவுக்கு, மண் கலக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

தொட்டித்தோட்டம்:
ஊற்றிவிட்டேன். இரண்டாவது தொட்டியின் மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு பஞ்சு என்பது இவ்வளவு துண்டா என்று துருவும்போது தோன்றவில்லை.